ரயில் டிக்கெட்டில் எதை வாங்குகிறோம்? நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு

கொழும்பு கோட்டை நிலையத்தில் வவுனியாவுக்கு ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் கேட்டால், வண்டியில் இடம் இருக்கிறதா என்று கவுண்டரில் இருப்பவர் பார்க்கவே மாட்டார். அவர் விற்பது தூரத்தை. அந்தத் தூரத்தை இருந்து கடப்பதா, நின்று கடப்பதா, வாசலில் தொங்கிக்கொண்டு கடப்பதா என்பது வாங்கியவரின் சாமர்த்தியம். அதே நிலையத்தில் ஆசனப் பதிவோடு எடுக்கும் டிக்கெட் முற்றிலும் வேறு பண்டம். திகதி, வண்டி, பெட்டி, ஆசன இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் ஏறிவிடும். வண்டி போனால் டிக்கெட்டும் போயிற்று.

உலகத்து ரயில் டிக்கெட்டுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிற்கின்றன. லண்டனில் அக்கா, பாரிஸில் சித்தப்பா, சூரிச்சில் மச்சான், ரொறொன்ரோவில் பெரியம்மா என்று உறவு பரந்து கிடக்கும் கொழும்புக் குடும்பம் ஒன்று விசா எடுத்துப் புறப்படும்போது, விமான டிக்கெட்டின் நிபந்தனைகளை வரிக்கு வரி வாசிக்கும். ரயில் டிக்கெட் என்றால் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." வம்பு தொடங்குவது அங்கேதான். எந்த நாட்டிலும் டிக்கெட் வாங்குமுன் ஐந்து விஷயங்களைக் கேட்க வேண்டும். இது என்னை ஒரு குறிப்பிட்ட வண்டியோடு கட்டுகிறதா? ஆசனம் இதற்குள் அடங்குமா? எந்தப் பாதையால் போகலாம்? என் பெயருக்கு மட்டுமா? வண்டி பிந்தினால் நட்டம் யாருடையது? விலை குறையக் குறைய இந்தக் கட்டுகள் இறுகும். இது ஏறத்தாழ எல்லா நாட்டுக்கும் பொது.

முதலில் வீட்டு ரயில்

வெளிநாட்டு ரயிலை விளங்கிக்கொள்ள நம்முடையதிலிருந்து தொடங்குவது நல்லது. ரயில் ஏன் பிந்துகிறது என்ற பாடம் இங்கேதான் மிகத் தெளிவாகக் கிடைக்கிறது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது. பாதை 1867இல் கண்டியை எட்டியது. மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை அது. மூட்டைகளுக்கு அவசரம் இல்லை என்பதால், சில இடங்களில் மலையைக் குடைந்தாலும், பெரும்பாலும் சுற்றிச் சுற்றியே ஏறினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 அடி ஓடினால் ஓரடி உயர்கிறது. கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர். அதற்கு ஒன்பது பத்து மணி நேரம் பிடிப்பதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை, வளைவுகள் விடாது.

இன்னொரு காரணம் ஒற்றைப் பாதை. றம்புக்கணைவரை போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைத் தண்டவாளம் இருக்கிறது. அதற்கு மேல் மலைநாட்டில் ஒன்றுதான். பொல்கஹவெலவில் பிரியும் வடக்குப் பாதையின் பெரும்பகுதியும் அப்படியே. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். மலைநாட்டில் இதைக் காப்பது இன்றும் 'டெப்லட்' முறை. இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள பாதைக்கு உரிய உலோகத் தகடு ஒன்று, பெரிய வளையம் வைத்த தோல் பையில் போட்டுச் சாரதியின் கையில் கொடுக்கப்படும். ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரு நிலையத்துப் பெட்டிகளும் மின்சாரத்தால் பூட்டிக் கிடக்கும். அடுத்த தகட்டை எவராலும் எடுக்க முடியாது. ஆகவே ஒரு துண்டுப் பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி நுழைய வழியில்லை. பழைய முறைதான், ஆனால் மூளையுள்ள முறை. அதற்கான விலை நேரம். எதிர்வண்டி நாற்பது நிமிடம் பிந்தினால் நாம் நாவலப்பிட்டியிலோ ஹட்டனிலோ நின்றே ஆகவேண்டும். நாம் பிந்துவதால் நமக்கு அடுத்து விலக வேண்டிய வண்டியும் பிந்தும்.

மட்டக்களப்புப் பாதையில் யானை இன்னொரு காரணம். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கத்தில் வண்டி மோதிக் குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. காட்டுப் பகுதியில் இரவு வண்டிகள் ஊர்ந்து போவது இதனால்தான். அதைத் தாமதம் என்று திட்டுவது நியாயமில்லை.

நடைமுறைக்கு வேண்டியது இது: ஆசனப் பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன் திறக்கும். பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, நீண்ட வார இறுதி என்றால் அன்றே பதிய வேண்டும். டிக்கெட்டில் உள்ள அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பாதைகளை அறுத்ததுபோல ஏதாவது நடந்திருந்தால், எந்தப் பகுதி ஓடுகிறது என்று முதல்நாள் கேட்டுக்கொள்வது கட்டாயம். மலைநாட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கி அன்று மாலையே கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் திட்டத்தை எவருக்கும் சொல்லமாட்டோம்.

சென்னையில்: இடம் இல்லாத டிக்கெட்

கடல் கடந்தால் முதலில் வருவது தமிழ்நாடு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த காலம் முதல், சென்னை எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் வந்து அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் வரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. போட் மெயில் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தனுஷ்கோடி வழி அறுந்தது. தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டது, புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பலும் வந்தது. ஆனால் இவை எல்லாம் தனித்தனி டிக்கெட். கப்பல் பிந்தி ரயில் போய்விட்டால் ரயில்வே பொறுப்பேற்காது. கடல் சற்றுக் கொந்தளித்தாலே கப்பல் நின்றுவிடக்கூடும் என்பதால், நாகபட்டினத்தில் இறங்கிய அன்றே நெடுந்தூர வண்டிக்குப் பதிந்து வைப்பது ஆபத்து.

இந்திய ரயிலின் விசித்திரம், இடம் தீர்ந்த பிறகும் டிக்கெட் விற்பதுதான். உறுதியான இடங்களுக்குப் பின் 'ஆர்ஏசி', அதற்கும் பின் காத்திருப்போர் பட்டியல். ஆர்ஏசி கிடைத்தால் வண்டியில் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவர் இருந்து போகவேண்டும், யாராவது வராவிட்டால் படுக்கை கிடைக்கும். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், வண்டியின் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரானபோதும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கு. அந்த இறுதிப் பட்டியல் முன்பு புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன் தயாரானது. 2025இல் அதை இன்னும் பல மணி நேரம் முன்தள்ளினார்கள். இடம் கிடைக்காது என்று நேரத்தோடு தெரிவது நல்லதுதான், பஸ் தேட அவகாசம் இருக்கும்.

காத்திருப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அதன் வகையையும் பார்க்க வேண்டும். வண்டி புறப்படும் ஊரிலிருந்து கடைசிவரை போவோருக்கான பொதுக் காத்திருப்புப் பட்டியலில் 30 என்பது பெரும்பாலும் உறுதியாகிவிடும், ஏனென்றால் அந்த ஒதுக்கீட்டில் இடம் அதிகம், ரத்து செய்வோரும் அதிகம். நடுவழி ஊர்களுக்கு உரிய சிறிய ஒதுக்கீட்டில் 8 என்பதுகூட அசையாமல் கிடக்கலாம். இதனால்தான் விழுப்புரத்தில் ஏறுபவர் சென்னையிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தை இணையத்தில் விழுப்புரம் என்று மாற்றிக்கொள்கிறார். அந்த மாற்றத்தைச் செய்யாமல் நடுவில் ஏறினால், வராதவர் என்று கருதி டிக்கெட் பரிசோதகர் படுக்கையை ஆர்ஏசிக்காரருக்குக் கொடுத்திருப்பார். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, விமான நிலையத்திலிருந்து தாம்பரம் கிட்ட என்று அங்கே ஏறப் போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எழும்பூரா சென்ட்ரலா என்பதும் வருடத்துக்கு எத்தனையோ குடும்பங்களை ஆட்டோவில் ஓடவைக்கும் விஷயம். திருச்சி, மதுரை, இராமேஸ்வரம் போன்ற தென்திசை வண்டிகள் பெரும்பாலும் எழும்பூர் அல்லது தாம்பரம். கோயம்புத்தூர், பெங்களூரு, வடநாடு என்றால் பெரும்பாலும் சென்ட்ரல். அடுத்தது நள்ளிரவுத் திகதி. 12ஆம் திகதி 00:10 மணி வண்டிக்கு 11ஆம் திகதி இரவே நிலையத்தில் நிற்க வேண்டும். 12ஆம் திகதி இரவு சாப்பிட்டுவிட்டுப் போனால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

பதிவு 60 நாள் முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாள். அவசரத்துக்கான தட்கல், வண்டி புறப்படுவதற்கு முதல்நாள் குளிரூட்டிய வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்றதற்கு 11 மணிக்கும் திறக்கும். ஆனால் 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவருக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. பதிலாக வெளிநாட்டுப் பயணிகள் ஒதுக்கீடு இருக்கிறது. எல்லா வண்டியிலும் கிடைக்காது, உயர் வகுப்புகளில் கொஞ்ச இடம், விலையும் கூட. ஆனாலும் பொங்கல், தீபாவளிக் காலத்தில் அதுவே கைகொடுக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் நடுப்படுக்கை இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரைதான் விரிக்கலாம் என்பதை நினைவில் வைத்தால், பகலில் அம்மா எங்கே சாய்வது என்ற தகராறு வராது.

லண்டன்: மலிவு எங்கே கடிக்கும்

பிரித்தானியாவில் ஒரே பெட்டியில் அருகருகே இருக்கும் மூவர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். 'எனிடைம்' எந்த வண்டிக்கும் செல்லும். 'ஓஃப்-பீக்' நெரிசல் நேரம் தவிர்ந்த எந்த வண்டிக்கும் செல்லும். 'அட்வான்ஸ்' குறித்த ஒரேயொரு வண்டிக்கு மட்டும். பெரும்பாலும் 12 வாரம் முன்பிருந்து விற்பனைக்கு வரும். கொழும்பிலிருந்து இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் படுவது இந்தக் கடைசி விலைதான். ஹீத்ரோவில் காலை 7 மணிக்கு விமானம் இறங்கும், 9 மணிக்கு மன்செஸ்டர் வண்டி என்று எடுத்துவிடுவார்கள். குடிவரவு வரிசை, பெட்டி வருவது, நகரத்துக்குள் போவது என்று நேரம் ஓட, வண்டி போய்விடும். முந்தைய ரயில் பிந்தியதால் தவறவிட்டால் அடுத்த வண்டியில் ஏற்றுவார்கள். விமானம் பிந்தியதற்கு ரயில் நிறுவனம் பொறுப்பல்ல. முழு விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டும். விமானம் இறங்கும் நாளில் மட்டும் ஓஃப்-பீக், திரும்பி வரும் நாளில் அட்வான்ஸ் என்பது எங்கள் கணிப்பில் சரியான கலப்பு.

பழைய அட்வான்ஸ் டிக்கெட்டோடு அடுத்த வண்டியில் ஏறிப் பரிசோதகரிடம் கெஞ்சலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2023 முதல் தண்டக் கட்டணம் 100 பவுணும் அதற்கு மேல் ஒருவழிக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும்.

சேமிக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. 'ரெயில்கார்ட்' எடுக்க அந்த நாட்டில் வசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை 35 பவுண், கட்டணத்தில் மூன்றிலொன்று குறையும். இருவராகப் போகிறவர்களுக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, முதியவர்களுக்கு என்று தனித்தனி வகை. நீண்ட பயணம் இரண்டு என்றாலே போட்ட காசு திரும்பிவிடும். இன்னொன்று, நடுவில் ஒரு நிலையத்தை வைத்து ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரிப்பது. அங்குள்ள கட்டண முறை பல பத்தாண்டுகளாக ஒட்டுப்போட்டு வந்தது என்பதால், பிரித்தால் மலியும் இடங்கள் நிறைய. வண்டி அந்த நடு நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை, இறங்கத் தேவையில்லை.

லண்டன் நகர ரயிலில் வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது. நுழையும்போது அட்டையைத் தட்டி, வெளியேறும்போது போனைத் தட்டினால் ஒரே கணக்கென்றாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு பேர். முடியாத இரண்டு பயணங்களுக்கு உச்சக் கட்டணம் பிடிக்கும்.

ஹம்மில் இரண்டாகும் வண்டி

ஜேர்மனியின் ஹம் நகரத்தைத் தமிழர்கள் காமாட்சி அம்பாள் கோயிலால் அறிவார்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலின் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வரும். ரயில்காரர்களுக்கு ஹம் இன்னொரு காரணத்தால் பெயர் பெற்றது: பெர்லினிலிருந்து வரும் அதிவேக வண்டிகள் பல அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வூப்பெர்டால் வழியாகக் கோல்னுக்கு, மற்றப் பாதி டோர்ட்முண்ட், எசன் வழியாக டுசல்டோர்வுக்கு. வண்டிக்குள் ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்கு நடக்க முடியாது. பின்பெட்டியில் ஏறி "இடம் இருக்கிறதே" என்று இருந்துவிட்டால் வேறு ஊருக்குப் போய்ச் சேரலாம். ஆகவே வண்டி இலக்கம் பார்த்தால் போதாது, பெட்டியின் வெளிப்பலகையில் உள்ள ஊரின் பெயரையும் பார்க்க வேண்டும். மேடையில் ஏ, பி, சி, டி என்று பிரித்த பகுதிகளில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று திரை காட்டும். பெரிய பெட்டிகளோடு தவறான முனையில் நின்றால் 300 மீற்றர் ஓடவேண்டி வரும்.

ஜேர்மனியில் டிக்கெட்டும் ஆசனமும் தனித்தனி. அதிவேக வண்டியில்கூட டிக்கெட் மட்டும் எடுத்தால் இடம் உறுதியில்லை. ஆசனப் பதிவுக்குத் தனிக் காசு. பதிந்தவர் புறப்பட்டு 15 நிமிடத்துக்குள் வந்து அமராவிட்டால் உரிமை போய்விடும் என்பதால், ஏறியதும் முதலில் ஆசனம், பிறகு சாப்பாட்டுப் பொதி. மலிவு டிக்கெட் குறித்த வண்டியோடு கட்டப்பட்டது. ஆனால் சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு வண்டியில் போகலாம். அங்கே இதை அறிந்திருப்பது அவசியம்: 2024இல் நெடுந்தூர வண்டிகளில் 62.5 வீதம்தான் நேரத்துக்கு வந்தன. 6 நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்தினால் அது "நேரத்துக்கு" வந்ததாகவே கணக்கு.

உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும் மாதாந்தர ஜேர்மனி டிக்கெட் 2023 மேயில் 49 யூரோவுக்கு வந்தது. 2026 ஜனவரி முதல் 63. இரண்டு வாரம் சுற்றினாலும் இலாபம்தான். மூன்று பொறிகள் இருக்கின்றன. அதிவேக, நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. பெயருக்கு உரியது, மாமியின் டிக்கெட்டில் மருமகள் போக முடியாது. அது ஒரு சந்தா. அந்த மாதத்தோடு நிறுத்த 10ஆம் திகதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்குத் திரும்பிய பின்னும் அடுத்த மாதக் காசு வெட்டுவார்கள்.

எல்லை தாண்டி சுவிஸ் போனால் தத்துவமே மாறுகிறது. சூரிச்சுக்கும் பேர்னுக்கும் இடையில் ரயில் 56 நிமிடம் ஓடுகிறது. 2004 டிசம்பருக்கு முன் ஒரு மணிக்கு மேல் எடுத்தது. புதுப் பாதை போட்டு அதை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்தார்கள், அதற்கு மேல் வேகம் தேடவில்லை. காரணம் கணக்கு: பெரிய நிலையங்களில் எல்லாத் திசை வண்டிகளும் மணிக்கும் அரை மணிக்கும் சற்றுமுன் வந்து, சற்றுப்பின் புறப்படும். இரு ஊர்களுக்கு நடுவே பயணம் 60 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் இரு முனையிலும் இந்தச் சந்திப்பு நடக்கும். 40 நிமிடத்தில் ஓடினால் மீதி 20 நிமிடம் மேடையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் அங்கே 5, 6 நிமிட இடைமாற்றத்தைப் பயணத் திட்டமே பரிந்துரைக்கிறது, அது பெரும்பாலும் நடக்கிறது. அதே 6 நிமிடத்தை ஜேர்மனியில் நம்பக் கூடாது. ஜேர்மனியிலிருந்து அதிகம் பிந்தி வரும் வண்டியைப் பாசலிலேயே முடித்துவிட்டு, பயணிகளைத் தங்கள் வண்டிக்கு மாற்றுவதும் சுவிஸ் வழக்கம்; தாமதத்தை உள்ளே விட்டால் அந்தக் கடிகாரக் கணக்கு முழுவதும் குலையும்.

சாதாரண சுவிஸ் டிக்கெட் எந்த வண்டியோடும் கட்டப்படாதது. அன்று முழுவதும் அந்தப் பாதையில் எதிலும் ஏறலாம், ஆசனப் பதிவும் தேவையில்லை. சுருங்கச் சொன்னால் நம் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டின் அதே குணம், இருக்க இடம் கிடைக்கும் என்ற வித்தியாசத்தோடு. விலைதான் தொண்டையில் நிற்கும். அரைக் கட்டண அட்டை எடுக்காமல் ஒரு வாரம் சுற்றுவது வீண்செலவு. குறித்த வண்டிக்கான மலிவு டிக்கெட்டும் உண்டு. அதை எடுத்துவிட்டு "சுவிஸ்தானே, எதிலும் ஏறலாம்" என்று நினைப்பவர்கள் அபராதம் கட்டுகிறார்கள்.

பாரிஸும் எல்லைகளும்

பிரான்ஸின் டிஜிவி வண்டிகளில் ஆசனம் இல்லாமல் டிக்கெட் இல்லை. கதவு புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன் பூட்டும். 10:00 மணி வண்டி என்றால் 9:58. இரண்டு தொகுதிகளை இணைத்து ஓட்டுவது அங்கேயும் உண்டு, பெட்டி இலக்கம் பார்த்தே ஏற வேண்டும். பயணப்பொதி ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு கட்டாயம். லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு புறப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது காரே டு நோர் நிலையம். தெற்கே மார்செய், லியோன் போகிற வண்டி புறப்படுவது பாரிஸின் இன்னொரு நிலையமான காரே டு லியோனில். ஊருக்கு நடுவால் மாற ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பாரிஸ் யூரோஸ்டாரை ரயிலாக நினைக்காமல் விமானமாக நினைக்க வேண்டும். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரி கடவுச்சீட்டைப் பார்ப்பார். பாரிஸில் ஏறும்போது பிரித்தானிய அதிகாரி. இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பிரித்தானிய விசா வேறு, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேறு. ஒருமுறை நுழைவதற்கு மட்டும் ஷெங்கன் விசா எடுத்தவர் பாரிஸில் இறங்கி, லண்டன் போய், மறுபடி பாரிஸ் வழியாகக் கொழும்பு திரும்பத் திட்டமிட்டால் செயின்ட் பாங்கிராஸில் திருப்பி அனுப்பப்படுவார், ஏனென்றால் அது இரண்டாவது நுழைவு. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. பாரிஸிலிருந்து சூரிச் போவதற்குத் தனி விசா வேண்டாம்.

பல நாடு சுற்றுவோர் கேட்பது, பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரெயில் பாஸ். கொழும்பில் வசிப்பவருக்கு யூரெயில். கூடவே வரும் பாரிஸ் சித்தப்பாவுக்கு, ஐரோப்பாவில் வசிப்பவர் என்பதால், இன்டர்ரெயில். சித்தப்பாவின் பாஸ் சொந்த நாடான பிரான்ஸில் வெளியேற ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மட்டும் தரும். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக வண்டிகளில் ஆசனத்துக்குத் தனியே கட்ட வேண்டும். பிரான்ஸில் பாஸ்காரருக்கான இடங்கள் சீக்கிரம் தீரும். ஜேர்மனியும் சுவிஸும்தான் பாஸ் முழுப் பயன் தரும் நாடுகள். பாரிஸ், லண்டன் மட்டும் பார்க்கிறவருக்கு அது தேவையே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் ஏறுமுன் போனிலுள்ள பாஸில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாதவர்.

தூரத்து ரயில்கள் இரண்டு

ஜப்பானில் அதிவேக ஷிங்கான்செனுக்கு இரண்டு கட்டணம் சேர்த்துக் கட்டுகிறோம்: ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கான அடிப்படைக் கட்டணம், விரைவு வண்டிக்கான மேல்கட்டணம். கையில் இரண்டு சீட்டு வந்தால் குழம்பாமல் இரண்டையும் சேர்த்தே வாசல் இயந்திரத்தில் போட வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான 7 நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகக் கூடியது. டோக்கியோவும் ஒசாக்காவும் மட்டும் போய்வருவோருக்கு இப்போது அது நட்டம். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்ரிமீற்றருக்கு மேல் போகும் பெட்டிக்கு டோக்கியோ, ஒசாக்கா பாதையில் சிறப்பு ஆசனம் முன்பதிய வேண்டும். விமானங்களின் வழக்கமான எல்லை 158 என்பதால் சாதாரணப் பெரிய சூட்கேஸ் தப்பிவிடும்.

கனடாவில் ரொறொன்ரோ மொன்றியல் வண்டி பிந்துவதற்குக் காரணம் உரிமை. பயணிகள் வண்டிகளை ஓட்டும் வியா ரெயில் நிறுவனம் பயன்படுத்தும் பாதையில் சுமார் 3 வீதம்தான் அதற்குச் சொந்தம். மற்றவை பெரும்பாலும் சரக்கு நிறுவனங்களுடையவை. சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் வண்டி நிற்கும். 2024 அக்டோபரில் பாதை உரிமையாளர் புதிய வண்டிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு போட்டார். தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்சாரத்தைச் சக்கரங்கள் இணைத்தால்தான் கடவைக் கதவு இறங்கும். அச்சுகள் குறைந்த இலேசான வண்டி அந்தச் சுற்றை நம்பகமாக இணைக்காது என்பது அவர்களின் வாதம். ஆகவே பல கடவைகளில் வேகம் குறைத்தே போகவேண்டி வந்தது. அங்கே மாலைக் கலியாண வரவேற்புக்கு மதிய வண்டியை நம்பிப் போகாதீர்கள்.

பிந்திய பணத்தை வாங்குவது

வண்டி பிந்தினால் காசு திரும்பும் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் தாமதித்து இழக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிடம் முதல் 119 நிமிடம்வரை பிந்தினால் கட்டணத்தில் 25 வீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 வீதம். கடும் புயல் வெள்ளம் போன்ற அசாதாரண காரணம் என்றால் கிடைக்காது. ஜேர்மனியில் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். பிரித்தானியாவில் பல நிறுவனங்கள் 15 நிமிடத்திலிருந்தே தருகின்றன: 15 முதல் 29 நிமிடம்வரை ஒருவழிக் கட்டணத்தின் 25 வீதம், 30 முதல் 59 வரை 50 வீதம், ஒரு மணியானால் முழுவதும். கேட்கும் காலம் 28 நாள். எங்கும் கணக்கில் வருவது கடைசியாகச் சேர வேண்டிய நிலையத்தில் ஏற்பட்ட தாமதம். நடுவழியில் முதல் வண்டி 10 நிமிடம் பிந்தி, இரண்டாவது வண்டியைத் தவறவிட்டு, முடிவில் 70 நிமிடம் பிந்தினால் 70தான் கணக்கு. அதற்கு முழுப் பயணமும் ஒரே பதிவில் எடுத்திருந்தால் வழக்கு எளிது. டிக்கெட்டையும், தாமதம் காட்டும் நிலையத் திரையின் படத்தையும், தனியே கட்டிய ஆசனப் பதிவின் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். விண்ணப்பத்தை அங்கே நிற்கும்போதே அனுப்பிவிடுவது நல்லது, ஏனென்றால் 28 நாள் விடுமுறையோடு முடிந்துவிடும்.